கைவலு குறைந்தோருக்கான கைத்துப்பாக்கி

கைவலு குறைந்தோருக்கான கைத்துப்பாக்கி என்பது, முதுமை, மூட்டுவாதம், காயம், உடலமைப்பு போன்ற காரணங்களால் கைப்பிடி வலு குறைந்த ஒருவர், அதிலும் துப்பாக்கியை முதன்முறையாகப் பழகும் ஒருவர், பிறர் துணையின்றிப் பாதுகாப்பாக இயக்கக்கூடிய கைத்துப்பாக்கியைக் குறிக்கும். இது துப்பாக்கிகளுள் தனியான ஒரு வகை அன்று. வெவ்வேறு வகைத் துப்பாக்கிகளில் கை செய்யவேண்டிய வேலை எவ்வளவு என்பதைக் கொண்டு செய்யப்படும் ஒரு தேர்வே ஆகும். தற்காப்புக்காகப் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்காவில் இத்தேர்வு ஒரு நடைமுறைச் சிக்கலாக நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது.

வலு குறைந்த கைக்குச் சிறிய, எடை குறைந்த துப்பாக்கியே ஏற்றது என்பது பொதுவான எண்ணம். இயற்பியல் அடிப்படையில் பார்த்தால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானதே உண்மை. கைப்பையில் எளிதாக அடங்கும் துப்பாக்கி, கையில் எளிதாக அடங்குவதில்லை.

பின்னணி

கைப்பிடி வலு, டைனமோமீட்டர் என்னும் கருவியால் கிலோகிராம் அளவில் அளக்கப்படுகிறது. பிரித்தானியாவில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியிடப்பட்ட அளவீடுகளின்படி, இடைநிலை அளவாக ஆண்களுக்கு 51 கிலோவும் பெண்களுக்கு 31 கிலோவும் உச்ச வலுவாகும். இவ்வுச்சம் ஏறத்தாழ முப்பதுகளில் எட்டப்பட்டுப் பின்னர் படிப்படியாகக் குறைகிறது. முதியோரின் தசைத் தளர்ச்சி பற்றிய ஐரோப்பிய வரையறை (2019), ஆண்களில் 27 கிலோவுக்கும் பெண்களில் 16 கிலோவுக்கும் கீழான பிடியை வலுக்குறைவு எனக் கொள்கிறது.

முழுக்கையின் பிடி ஒன்று, விரல்களின் கிள்ளுபிடி வேறொன்று. சாவியைத் திருப்புவதுபோல் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கத்துக்கும் இடையே ஒரு பொருளைப் பிடிக்கும் வலு, நலமான வயதுவந்த பெண்களில் ஏறத்தாழ 7 கிலோ அளவினதே. பெருவிரலின் அடிமூட்டில் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது இன்னும் குறைவதுடன் வலியும் சேர்ந்துகொள்ளும். துப்பாக்கியை இயக்குவதில் இவ்வேறுபாடு முதன்மையானது என்பது கீழே விளக்கப்படுகிறது.

கைத்துப்பாக்கியை நாடுவோரில் பலர் உடல்வலு குறைந்தவர்கள் என்பது சட்டத்துறையிலும் இடம்பெற்ற கருத்தாகும். தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை ஏற்ற 2008 ஆம் ஆண்டின் "கொலம்பியா மாவட்டம் எதிர் ஹெல்லர்" தீர்ப்பில், நீண்ட குழல் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கும் மேலுடல் வலு இல்லாதோருக்குக் கைத்துப்பாக்கி எளிதானது என்பதையும் ஒரு காரணமாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் சுட்டியது. எனினும் தூக்குவது எளிதாக இருந்தால் மற்றவையும் எளிதாகிவிடும் என்பதில்லை.

கை செய்யவேண்டிய வேலைகள்

இன்று விற்கப்படும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இரு வகையின. சுழலும் உருளையில் ஐந்து அல்லது ஆறு தோட்டாக்களைக் கொண்டது சுழல்துப்பாக்கி, அதாவது ரிவால்வர். கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசினில் தோட்டாக்களைக் கொண்டு, ஒவ்வொரு முறை சுட்டபின்னும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது அரைத்தானியங்கித் துப்பாக்கி, அதாவது பிஸ்டல்.

அரைத்தானியங்கித் துப்பாக்கியின் மேற்பகுதி முன்னும் பின்னும் நகரக்கூடியது. இது ஸ்லைடு எனப்படும். முதல் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுவதற்கு ஸ்லைடைக் கையால் முழுவதும் பின்னிழுத்து விடவேண்டும். உள்ளிருக்கும் வில்சுருளை எதிர்த்துச் செய்யவேண்டிய இவ்வேலையே கைவலு குறைந்தோருக்குப் பெரிய தடையாகும். பல துப்பாக்கிகளில் இதற்கு 7 முதல் 10 கிலோ எடைக்கு இணையான இழுப்பு தேவை. பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஸ்லைடின் பின்முனையைக் கிள்ளிப் பிடித்து இழுக்க முயலும் புதியவர், மேற்கூறிய 7 கிலோ கிள்ளுபிடியை நம்பியே அதைச் செய்கிறார். உலோகம் வழுக்குவதால் அந்த 7 கிலோவும் முழுமையாகப் பயன்படுவதில்லை. உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து நான்கு விரல்களாலும் பற்றி, துப்பாக்கியை மார்புக்கு அருகில் வைத்துக்கொண்டு, ஸ்லைடை இழுப்பதற்குப் பதிலாகக் கைப்பிடியை மற்றக் கையால் முன்னே தள்ளினால் தோள், முதுகுத் தசைகளும் வேலையில் பங்கேற்கும். தன்னால் முடியாது என்று கைவிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இம்மாற்றமே போதுமானதாகிறது. வெளியே தெரியும் சுத்தியல் உள்ள துப்பாக்கிகளில், காலியான நிலையில் அதை முதலில் பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிட்டால் ஸ்லைடை நகர்த்துவது மேலும் எளிதாகும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வலு போதாதவர் இழுக்கும் முயற்சியில் உடலைத் திருப்பும்போது குழல்முனை பக்கத்தில் நிற்பவரை நோக்கித் திரும்பிவிடும். பயிற்சிக்கூடங்களில் பயிற்றுநர்கள் புதியவர்களிடம் அடிக்கடி திருத்தும் பிழைகளுள் இதுவும் ஒன்று. துப்பாக்கியன்று, உடலே திரும்பவேண்டும். குழல்முனை எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கவேண்டும்.

ஸ்லைடை இழுக்கும் திறன் சுடுவதற்கு மட்டுமே தேவையானது எனக் கருதுவது தவறு. மேகசினைக் கழற்றிய பின்னரும் குழலுக்குள் ஒரு தோட்டா எஞ்சியிருக்கலாம். அதை வெளியேற்றவும், துப்பாக்கி காலியாக உள்ளதா எனக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யவும் ஸ்லைடைப் பின்னிழுத்தே ஆகவேண்டும். எனவே, மகனோ கடைக்காரரோ தோட்டா ஏற்றிக் கொடுத்த துப்பாக்கியை வைத்திருக்கும் ஒருவரால் ஸ்லைடை இழுக்க இயலாதெனில், அவரால் அதைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர முடியாது. தோட்டாவை வெளியேற்ற இயலாத துப்பாக்கி ஒருவருக்கு ஏற்றதன்று என்பதை இத்தேர்வின் முதல் விதியாகவே கொள்ளலாம்.

அடுத்தது, டிரிகர் எனப்படும் விசைவில்லை இழுப்பது. சுழல்துப்பாக்கியில் விசைவில்லை இழுக்கும் ஒரே செயலில் உருளை சுழன்று, சுத்தியல் பின்சென்று விடுபடவேண்டும். ஆகவே இழுப்பு பொதுவாக 4.5 முதல் 5.5 கிலோ வரை இருக்கும். சுத்தியலை முன்கூட்டியே பெருவிரலால் பின்னிழுத்து நிறுத்தினால் அது 2 கிலோவுக்கும் கீழே இறங்கும். ஆனால் அதற்குப் பெருவிரல் வலு வேண்டும். தவிர, அவ்வாறு நிறுத்திய சுத்தியலைச் சுடாமல் மீண்டும் இறக்குவது நடுங்கும் கைக்கு ஆபத்தான வேலை. அரைத்தானியங்கித் துப்பாக்கிகளில் 2.5 கிலோ அளவான இழுப்பே வழக்கம். துப்பாக்கியின் எடையை விட விசைவில்லின் இழுப்பு பல மடங்கு மிகும்போது, இழுக்கும் விரலோடு துப்பாக்கியும் அசைந்து குறி தவறுகிறது.

மேகசினில் தோட்டாக்களைத் திணிப்பது மூன்றாவது வேலை. கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களைப் பெருவிரலால் அழுத்தி நுழைப்பது நலமான கைக்கே கடினம். இதற்கென விற்கப்படும் எளிய ஏற்றும் கருவிகள் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிடுகின்றன.

பின்னுதைப்பும் எடையும்

தோட்டா முன்னே செல்லும்போது துப்பாக்கி பின்னே உதைப்பது உந்த அழிவின்மை விதியின் விளைவாகும். ஒரே தோட்டாவைச் சுடும் இரு சுழல்துப்பாக்கிகளைக் கொண்டு இதை எளிதாகக் கணக்கிடலாம். .38 ஸ்பெஷல் வகைத் தோட்டா ஒன்றின் சன்னம் 10.2 கிராம் எடையும் நொடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர் வேகமும் கொண்டது. வெடிமருந்து வளிமத்தின் பங்கை விட்டுவிட்டால் அதன் உந்தம் ஏறத்தாழ 2.35 கிகி மீ/நொடி.

ஸ்மித் அண்டு வெசன் நிறுவனத்தின் 642 என்னும் சட்டைப்பைத் துப்பாக்கி 420 கிராம் அளவினது. மேற்கண்ட உந்தத்தை ஏற்று அது நொடிக்கு 5.6 மீட்டர் வேகத்தில் பின்செல்லும். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 6.6 ஜூல். அதே நிறுவனத்தின் பழைய காவல்துறைத் துப்பாக்கியான மாடல் 10 ஒரு கிலோவை ஒட்டிய எடையுடையது. அதன் பின்செல் வேகம் 2.4 மீட்டரைத் தாண்டாது, ஆற்றல் 2.8 ஜூல் மட்டுமே. எடை குறைந்த துப்பாக்கி, மூட்டுவலியுள்ள மணிக்கட்டில் இரண்டு மடங்குக்கும் மேலான அடியைக் கொடுக்கிறது. அதன் குட்டையான கைப்பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லாததால் அந்த அடியைத் தாங்கும் விரல்களும் குறைவு. பெண்களுக்கும் முதியோருக்கும் முதல் துப்பாக்கியாக இத்தகையவற்றைப் பரிந்துரைக்கும் வழக்கம், ஒரு முறை சுட்டுவிட்டு அச்சத்துடன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவதிலேயே பலருக்கு முடிகிறது.

மணிக்கட்டுத் தளர்ந்திருந்தால் அரைத்தானியங்கித் துப்பாக்கிகளில் வேறொரு கோளாறும் நேரும். ஸ்லைடு பின்னே செல்ல, கைப்பிடி ஓரளவேனும் நிலையாக நிற்கவேண்டும். கைப்பிடியும் சேர்ந்து பின்னே சென்றால் ஸ்லைடு தன் முழுப் பயணத்தை முடிக்காமல் நின்று, வெறுங்கூடு வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். அவ்வேளையில் சிக்கலை நீக்க மீண்டும் ஸ்லைடை இழுக்கவேண்டும் என்பதால் வலு குறைந்தவர் இருமுறை பாதிக்கப்படுகிறார்.

தோட்டா வகை

.22 லாங் ரைஃபிள் தோட்டாவின் பின்னுதைப்பு மிகக் குறைவு, விலையும் குறைவு. ஆகவே பழகுவதற்கு இதனினும் ஏற்றது இல்லை எனலாம். ஆனால் இதன் வெடிபொருள் கூட்டின் அடிவிளிம்பில் பூசப்பட்டிருப்பதால், நடுவில் வெடிபொருள் கொண்ட தோட்டாக்களை விடச் சற்று அதிகமாகவே வெடிக்காமல் போகிறது. விளிம்பை வலுவாக அடிக்கவேண்டியிருப்பதால், .22 சுழல்துப்பாக்கிகளின் விசைவில் அதே அளவுள்ள .38 துப்பாக்கிகளை விடக் கடினமாக இருப்பதும் உண்டு. சிறிய தோட்டா என்பதால் எளிய விசைவில் என்று எண்ணி வாங்குவோர் இதை எதிர்பார்ப்பதில்லை.

.380 ஏசிபி தோட்டா பரவலான 9 மி.மீ. தோட்டாவை விட வலுக்குறைந்தது. எனினும் இதைச் சுடும் துப்பாக்கி எதுவும் எளிது என்று கொள்ளலாகாது. வால்தர் பிபிகே போன்ற பழைய வடிவங்களில் குழல் அசையாது. வெடிப்பின் அழுத்தத்தை ஸ்லைடின் எடையும் வில்சுருளும் மட்டுமே தாங்கவேண்டும். அதனால் வில்சுருள் மிகக் கடினமானது. குழலும் ஸ்லைடும் சற்று நேரம் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு பின்செல்லும் பிரௌனிங் முறையில் இத்தேவை இல்லை. எனவே, பூட்டு முறை கொண்ட பெரிய துப்பாக்கி ஒன்று, பூட்டில்லாத சிறிய துப்பாக்கியை விட எளிதாக இழுபடும்.

வடிவமைப்புத் தீர்வுகள்

இத்தாலியின் பெரெட்டா நிறுவனம் ஸ்லைடை இழுக்கும் தேவையையே நீக்கும் ஒரு வழியைச் சில சிறு துப்பாக்கிகளில் கையாண்டது. பாப்கேட், டாம்கேட் ஆகியவற்றில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் குழலின் பின்முனை மேலெழும்பும். தோட்டாவை நேரடியாகக் குழலில் வைத்து மூடிவிடலாம். அதே வழியில் வெளியேயும் எடுக்கலாம். இவற்றில் கூட்டைப் பற்றியிழுக்கும் கொக்கி கிடையாது. ஆகவே வெடிக்காத தோட்டா குழலில் இறுகிவிட்டால் குழலை எழுப்பி அதைத் தோண்டித்தான் எடுக்கவேண்டும்.

2009 இல் வெளிவந்த ரூகர் எல்சிஆர் சுழல்துப்பாக்கியில் உராய்வைக் குறைக்கும் வளைசக்கர அமைப்பால் விசைவில்லின் இழுப்பு சீராக்கப்பட்டது. ஆனால் துப்பாக்கியின் எடை 400 கிராமுக்கும் குறைவு என்பதால் விரலுக்குக் கிடைத்த சலுகை மணிக்கட்டில் பறிக்கப்படுகிறது.

ஸ்மித் அண்டு வெசன் 2018 இல் வெளியிட்ட எம்அண்டுபி 380 ஷீல்டு ஈஸி, இத்தேவையை வெளிப்படையாக முன்னிறுத்தி வந்த துப்பாக்கிகளுள் குறிப்பிடத்தக்கது. அது பூட்டு முறையையும் உள்மறைந்த சுத்தியலையும் மென்மையான வில்சுருளையும் கொண்டது. மேகசினின் பக்கத்திலுள்ள குமிழைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு எட்டுத் தோட்டாக்களையும் இடலாம். இதன் 9 மி.மீ. வடிவம் 2020 இல் வந்தது. பிற நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின; ரூகர் 2023 இல் வெளியிட்ட செக்யூரிட்டி-380 அவற்றுள் ஒன்று. ஈஸியின் கைப்பிடிக்குப் பின்புறம் ஒரு பாதுகாப்புத் தகடு உண்டு. அதை உள்ளங்கை அழுத்தினாலன்றித் துப்பாக்கி சுடாது. விரல்கள் முழுமையாக மடங்காத நோயாளியால் இத்தகட்டைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்க முடிகிறதா என்பதை வாங்குமுன் சோதிக்கவேண்டும்.

எளிமையும் குழந்தைகளின் பாதுகாப்பும்

அப்பாதுகாப்புத் தகட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. இதே நிறுவனம் 1887 இல் சுத்தியல் மறைக்கப்பட்ட ஒரு .38 சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. குழந்தை ஒன்று துப்பாக்கியால் காயமுற்ற செய்தியைக் கேட்டு நிறுவனர்களுள் ஒருவரான டேனியல் வெசன் இதை வடிவமைத்தார் எனக் கூறப்படுகிறது. கைப்பிடித் தகட்டை அழுத்திக்கொண்டே கடினமான விசைவில்லையும் இழுக்கவேண்டும் என்பதால், சிறு குழந்தையின் கையால் அதைச் சுட இயலாது என்பதே அதன் சிறப்பாக விளம்பரப்படுத்தப்பட்டது. எலுமிச்சை பிழிவது போன்ற பிடி தேவைப்பட்டதால் மக்கள் அதை "எலுமிச்சை பிழியி" என அழைத்தனர்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், அந்நிறுவனம் வளர்ந்த மாசச்சூசெட்சு மாநிலத்திலேயே இக்கருத்து சட்ட வடிவம் பெற்றது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் 1997 இல் வெளியிட்டு, நீதிமன்ற வழக்குக்குப் பின் 2000 இல் நடைமுறைக்கு வந்த விதிகள், சராசரியான ஐந்து வயதுக் குழந்தையால் சுட இயலாதபடி கைத்துப்பாக்கிகள் அமையவேண்டும் என்றன. விசைவில்லின் இழுப்பைக் குறைந்தது 10 பவுண்டாக, அதாவது 4.5 கிலோவாக உயர்த்துவது அதற்கு ஏற்கப்பட்ட வழிகளுள் ஒன்று.

இங்கே உண்மையான முரண் வெளிப்படுகிறது. குழந்தையைத் தடுக்கும் அதே 4.5 கிலோ, மூட்டுவாதமுள்ள பாட்டியையும் தடுக்கிறது. பாட்டிக்காக அதைக் குறைத்தால் பேரனுக்கும் அது குறைந்துவிடும். கடினமான விசைவில் வலுவான பெரியவர்களுக்கே குறி தவறச் செய்யும் என்பதும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. நியூயார்க் நகரக் காவலர்களின் துப்பாக்கிகளில் 12 பவுண்டு விசைவில் பொருத்தப்பட்டிருந்தது. அக்காவல்துறையின் பயிற்சிமுறையை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், 2008 அறிக்கையில், இலகுவான விசைவில்லைப் பரிசீலிக்குமாறு கூறியது.

எளிதில் இயங்கும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவர், துப்பாக்கியின் கடினத்தால் கிடைத்துவந்த தடையை வேறு இடத்தில் அமைத்தாகவேண்டும். பூட்டிய பெட்டியே அந்த இடம். சிறிய சாவியைத் திருப்ப இயலாத விரல்களுக்கு எண்பொத்தான் பெட்டிகள் உதவுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 2021 இல் துப்பாக்கியால் நேர்ந்த 48,830 இறப்புகளில் 26,328 தற்கொலைகளாகும். வீட்டில் ஒருவர் கடும் மனச்சோர்விலோ நினைவு தடுமாறும் நிலையிலோ இருந்தால், எந்தத் துப்பாக்கி எளிது என்ற கேள்விக்கு முன்னரே துப்பாக்கி வேண்டுமா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

பயன்படுத்தப்போகும் கையே தேர்ந்தெடுக்கவேண்டும். கணவரோ மகனோ பரிசாக வாங்கிக் கொடுக்கும் துப்பாக்கி, பெரும்பாலும் கொடுப்பவரின் கைக்கே பொருந்தும். காலியெனப் பயிற்றுநர் உறுதிசெய்த துப்பாக்கியில், குழல்முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ஸ்லைடைத் தொடர்ந்து பத்து முறை இழுத்துவிடவும், ஒரு முறை பின்னிழுத்து நிறுத்தவும் முடிகிறதா எனப் பார்க்கலாம். முதல் முறை முடிந்து ஏழாவது முறை முடியாமல் போவது இயல்பு. மேகசினைக் கழற்றும் பொத்தான், பாதுகாப்பு நெம்புகோல் ஆகியவற்றைப் பிடியை மாற்றாமல் பெருவிரல் எட்டுகிறதா என்பதும் கவனிக்கத்தக்கது. வாடகைக்குத் துப்பாக்கி தரும் பயிற்சிக்கூடங்கள் அங்கு பல இருப்பதால், வாங்குமுன் சுட்டுப் பார்க்கவும் இயலும்.

மூட்டுவாதம் நாளுக்கு நாள் மாறும் நோய். காலையில் விறைத்திருக்கும் விரல்கள் மாலையில் தளர்ந்திருக்கும். வலி குறைந்த நாளில் செய்யும் சோதனை ஏமாற்றக்கூடும் என்பதால், வலியுள்ள நாளில் ஒருமுறை சோதிப்பது நல்லது. புதிய வில்சுருள் சில நூறு சுடுகைகளுக்குப் பின் சற்றே தளரும். ஆனால் அதை நம்பி, இன்று இழுக்க இயலாத துப்பாக்கியை வாங்குவது சரியன்று. வில்சுருளைத் தாமே வெட்டி மென்மையாக்குவது துப்பாக்கியின் இயக்கத்தையும் பாதுகாப்பையும் கெடுக்கும்.

இந்தியாவில்

இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் பெற்றவர் மட்டுமே துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதால் இத்தேர்வு மிகச் சிலருக்கே எழுகிறது. கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை, பெண்களை முன்னிட்டு 2014 இல் நிர்பீக் என்ற .32 சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. 2012 தில்லி வன்கொடுமையில் உயிரிழந்த பெண்ணுக்கு ஊடகங்கள் இட்ட நிர்பயா என்ற பெயரை ஒட்டி இதற்குப் பெயரிடப்பட்டது. தைட்டானியம் கலந்த உலோகத்தாலான இதன் எடை 500 கிராம். விலை அப்போது ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல்.

எடை குறைவு என்பதே இதன் சிறப்பாக அன்று செய்திகளில் பேசப்பட்டது. மேற்கண்ட கணக்கின்படி பார்த்தால், இதன் பின்னுதைப்பைத் தாங்கத்தக்கதாக்குவது எடை அன்று, தோட்டாவே. ஏறத்தாழ 6.4 கிராம் எடையும் நொடிக்கு 215 மீட்டர் வேகமும் கொண்ட சன்னத்துக்கு இதன் பின்னுதைப்பு ஆற்றல் 1.9 ஜூல் அளவே வருகிறது. இது ஒரு கிலோ எடையுள்ள மாடல் 10 ஐ விடவும் குறைவு. சுழல்துப்பாக்கிகளுக்கே உரிய கடினமான விசைவில் மட்டும் இதிலும் விரலுக்கு எஞ்சுகிறது.